பல்வலியோடு ஒரு வளைகாப்பு

இடி இடித்தால் பயப்படுவாயா என்று கேட்டார் தாதா. இல்லை என்று தலையாட்டினேன். இனிப்பு பிடிக்குமா, உப்பு பிடிக்குமா? உப்பு. தூங்கும்போது வலது பக்கம் படுப்பாயா, இடது பக்கமா? ஏழு மாத வயிறு எந்தப் பக்கம் படுக்க விடுகிறதோ அந்தப் பக்கம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் என் வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. அதனால் இடது கையைத் தூக்கிக் காட்டினேன்.

கல்கத்தாவின் டாலிகஞ்சில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கீழ்த்தள வராந்தா அது. பிரம்பு நாற்காலியில் நான். தாடையைச் சுற்றி ஒரு பழைய பருத்திப் புடவைத் துண்டு, உச்சந்தலையில் முடிச்சு. எதிரே தாதா, மடியில் நீள நோட்டு, பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. பெட்டி நிறைய சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பிகள். அவர் பக்கமிருந்து ஸ்பிரிட் வாசனை, என் பக்கமிருந்து கிராம்பு வாசனை.

நான் போனது பல்வலிக்கு மருந்து கேட்டு. அரைமணி நேரமாகியும் தாதா பல்லைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

சின்ன வயதில் நாய் கடித்ததுண்டா, மழையில் நனைந்தால் சந்தோஷமா, சளியா என்று போய்க்கொண்டே இருந்தது. யாராவது ஆறுதல் சொன்னால் இதமாக இருக்குமா, எரிச்சல் வருமா என்றபோது எரிச்சலுக்கு மட்டும் வேகமாகத் தலையை ஆட்டினேன். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. தாதா எழுந்து வந்து மறுபடி கட்டிவிட்டு உட்கார்ந்தார்.

கடைசியாகப் பேனாவை மூடி வைத்துவிட்டு, மனதில் பழைய துக்கம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

நாற்பது கேள்விகளில் அந்த ஒன்றுக்குத்தான் வாயைத் திறந்து பதில் சொன்னேன். வலி காதுவரை பாய்ந்தது. தாதா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, வெள்ளைச் சர்க்கரை உருண்டைகள் நிறைந்த ஒரு குப்பியை என் கையில் கொடுத்தார். மூன்று வேளை, வேளைக்கு நான்கு.

பயப்பட வேண்டாத தாதா

தமிழ்நாட்டில் தாதா என்றால் போலீஸ் தேடும் ஆள். கல்கத்தாவில் அண்ணன். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் முதன்முதலில் அம்மாவிடம் போனில் "கீழ் வீட்டுல ஒரு தாதா இருக்காரும்மா, ரொம்ப நல்லவர்" என்று சொன்னபோது அம்மா என் கணவரைக் கூப்பிட்டு வேறு வீடு பார்க்கச் சொன்னாள்.

எங்கள் வீட்டுக்காரரான தாதா துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே ஹோமியோபதி தொடங்கிவிட்டாராம். இந்த ஊரில் தெருவுக்கு நான்கு பேராவது இப்படி இருப்பார்கள். வீட்டில் ஒரு மரப்பெட்டியும் தடிமனான ஒரு புத்தகமும் இருந்தால் போதும், மாலையில் வராந்தாவில் கூட்டம் கூடிவிடும்.

அவர் மனைவியை நாங்கள் பௌதி என்போம், அண்ணி என்று அர்த்தம். தாதாவிடம் மருந்து வாங்காத ஒரே ஆள் பௌதிதான். காய்ச்சல் வந்தால் முக்காடு போட்டுக்கொண்டு முக்கு மருந்துக் கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வருவார். தாதாவுக்கும் அது தெரியும். தனக்குத் தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளாமல் ஓய்வு பெற்ற நாள் முதல் குடித்தனம் நடத்திவருகிறார்.

என் கணவர் நடராஜனுக்கு கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த எங்களை அந்தப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் காத்திருப்போர் பட்டியலில் வைத்துவிட்டார்கள். காத்திருந்த இடம்தான் டாலிகஞ்ச். நான் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

'பல்' என்றொரு கோப்பு

அந்தப் பல்லுக்குத் தமிழில் ஞானப்பல் என்று பெயர். வங்காளிகளும் புத்திக்கான பல் என்றுதான் சொல்கிறார்கள். இருபத்தொன்பது வயதுவரை வராத ஞானம், வயிற்றில் ஏழாவது மாதம் நடக்கும்போது இடது கீழ்த்தாடையின் கடைசியில் கோணலாக முளைக்கத் தீர்மானித்தது. பாதி வெளியே வந்து, ஈறுக்குள் மாட்டிக்கொண்டது.

முதல் இரண்டு நாள் உப்புத் தண்ணீர். மூன்றாம் நாள் கிராம்பு. நான்காம் நாள் பௌதி கொய்யா இலையை வேகவைத்து ஒரு சொம்பு கொண்டுவந்தார். ஐந்தாம் நாள் கன்னம் வீங்கிவிட்டது. வகுப்பில் ஒரு வாண்டு, மிஸ் லட்டு தின்றுகொண்டே கணக்குப் போடுகிறார் என்று தன் அம்மாவிடம் புகார் சொன்னான். கேமராவை அணைத்துவிட்டுப் பாடம் எடுத்தேன்.

காளிகாட்டில் ஒரு பல் மருத்துவரைப் பார்த்தோம். இளைஞர். என் வாயைப் பார்க்கும் முன்பே வயிற்றைப் பார்த்துவிட்டார். பிரசவ டாக்டர் எழுதிக் கொடுக்காமல் தொடமாட்டேன் என்றார். பிரசவ டாக்டரிடம் போனால், பல்லைப் பற்றிப் பல் டாக்டர் எழுதட்டும், அதைப் பார்த்துவிட்டு நான் எழுதுகிறேன் என்றார் அந்த அம்மாள்.

வேறு கணவர்களாக இருந்தால் கோபப்பட்டிருப்பார்கள். நடராஜனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக வீட்டு விஷயம் ஒன்று அவருக்குப் புரிகிற மொழியில் வந்திருக்கிறது. பிளாஸ்டிக் உறை ஒன்று வாங்கி அதன் மேல் 'பல்' என்று எழுதினார். காளிகாட்டுக்கும் பிரசவ டாக்டருக்குமாக மெட்ரோவில் நான்கு முறை போய்வந்து இரண்டு கடிதத்தையும் வாங்கிவிட்டார்.

முடிவு இது. ஈறுக்கடியில் சீழ் கோத்திருக்கிறது. ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டு வீக்கத்தை இறக்கிவிட்டுப் பல்லை எடுக்க வேண்டும். ஒரு மாத்திரை வலிக்கு, ஒன்று கிருமிக்கு. இரண்டுமே கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடியவைதான் என்று பிரசவ டாக்டர் இரண்டு தரம் சொன்னார். மாத்திரை சாப்பிடாமல் விட்டுக் காய்ச்சல் வந்தால்தான் குழந்தைக்கு ஆபத்து, அப்புறம் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருக்கும் என்று மூன்றாவது தரமும் சொன்னார்.

நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபின் வேளைக்கு வேளை மாத்திரைகளை உறையிலிருந்து பிதுக்கி எடுத்து வெந்தய டப்பாவுக்குள் போட்டுவிட்டேன். காலி உறையை மட்டும் நடராஜன் கண்ணில் படும்படி மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்துக் கோப்பில் குறித்துக்கொண்டார்.

எதற்காக ஒளித்தேன்

சிரிக்கச் சிரிக்க எழுத வேண்டும் என்றுதான் இந்த வாரம் உட்கார்ந்தேன். இந்த ஒரு பத்தியை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு தரம் கருத்தரித்திருந்தேன். மூன்றாம் மாதம் ஒரு சாயங்காலம் தலைவலி மண்டையைப் பிளந்தது. அலமாரியில் இருந்த மாத்திரை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. மூன்று நாள் கழித்து எல்லாம் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன், ஆனால் அந்த மாத்திரையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் செய்தேன் என்று எனக்குள் தீர்ப்பு எழுதி வைத்துக்கொண்டு நடமாடினேன்.

ஆகையால் டாக்டர் மூன்று தரமல்ல, முப்பது தரம் சொல்லியிருந்தாலும் என் தொண்டைக்குள் மாத்திரை இறங்கியிருக்காது. மாத்திரைக்குப் பதிலாக ஆகட்டும் என்று போய் வாங்கிய தாதாவின் சர்க்கரை உருண்டையைக்கூட கடைசியில் நான் தொடவில்லை. அதில் என்ன மருந்து இருக்கிறதென்று யார் கண்டது? வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளலாம் என்றால், கடிக்க வேண்டிய பல்லே அதுதான்.

அம்மா வந்தாள்

வளைகாப்புக்கு நாள் குறித்திருந்தோம். அதற்கு இரண்டு நாள் முன்பாக வருவதாகத்தான் அம்மா சொல்லியிருந்தாள். ஆனால் நான் தாதாவிடம் மருந்து வாங்கிய ஐந்தாம் நாளே, ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பை, துண்டில் சுருட்டிய கண்ணாடி வளையல்கள் சகிதம் வாசலில் வந்து நின்றாள். பத்து நாள் முன்னதாக. கேட்டதற்கு, டிக்கெட் கிடைத்தது வந்துவிட்டேன் என்றாள். ரயில்வேக்காரரான என் கணவருக்கே அந்தப் பருவத்தில் அந்த வண்டியில் டிக்கெட் கிடைப்பது எப்படி என்று புரியவில்லை. மாமியாரிடம் மேற்கொண்டு விசாரிக்கும் தைரியம் அவருக்கு இல்லை.

அம்மாவுக்கும் பௌதிக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஆனால் ஒரு மாதமாகவே வீடியோ அழைப்பில் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பௌதி ஒரு கத்திரிக்காயைத் தூக்கிக் காட்டுவார், அம்மா தலையாட்டுவாள். பூசணிக்காய், தலையாட்டல். மீன், அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். வங்காளத்தில் கர்ப்பிணிக்கு 'ஷாத்' என்று ஒரு விருந்து போடுவார்கள். அவள் ஆசைப்பட்டதையெல்லாம் தட்டில் வைத்துச் சாப்பிட வைக்க வேண்டும். வளைகாப்பும் ஷாத்தும் ஒரே நாளில் என்று இரண்டு பேரும் இந்தக் காய்கறி மொழியிலேயே முடிவு செய்திருந்தார்கள்.

ஆசையை நிறைவேற்றாவிட்டால் பிறக்கும் குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்பது அம்மாவின் கட்சி. வாயில் எச்சில் வடியும் என்பது பௌதியின் கட்சி. இப்போதைக்கு வடிந்துகொண்டிருந்தது என் ஈறு மட்டும்தான்.

அம்மா வந்த இரண்டாம் நாள் காலை, சமையலறையில் சத்தமே இல்லை. தோசைக்கு ஊறப்போடப் போனவள் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தோடு வெளியே வந்து என் முன்னால் வைத்தாள். கிண்ணத்தில் வெந்தயம் ஒன்றுகூட இல்லை. வெள்ளை மாத்திரையும் மஞ்சள் மாத்திரையும்தான்.

நான் வெந்தயம் பக்கமே போகிறவள் இல்லை. நடராஜனுக்கு டப்பாக்களில் எது எதுவென்றே தெரியாது. திருநெல்வேலியிலிருந்து வரும் ஒரு பெண்மணி எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வெந்தய டப்பாவைத்தான் திறப்பாள் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"இத ஊறப் போடட்டா, வறுக்கட்டா?" என்றாள் அம்மா.

குமட்டுகிறது, அப்புறம் சாப்பிடலாம் என்று எடுத்து வைத்தேன் என்று உளறினேன். அம்மா நம்பவில்லை. ஆனால் திட்டவும் இல்லை. அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. எங்கள் அம்மா பால் பொங்கினால்கூடப் பத்து நிமிஷம் திட்டுகிறவள். அன்றைக்குக் கிண்ணத்தை மூடி சாமி அலமாரியில் வைத்துவிட்டு, என் தலைமுடியைக் கோதிப் பின்னிவிட்டாள்.

அடுத்த ஒரு வாரம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தேன். ஒரு நாள் வீக்கம் வடியும், மறுநாள் ஏறும். பல்லை வளைகாப்பு முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று நடராஜனிடம் தள்ளிப்போட்டேன். அம்மா குழையக் குழைய ரசஞ்சாதம் பிசைந்து தந்தாள். தினமும் சாமி விளக்கேற்றும்போது அந்தக் கிண்ணத்தை ஒரு தரம் திறந்து பார்ப்பாள், என்னை ஒரு தரம் பார்ப்பாள், மூடிவிடுவாள்.

நாற்பத்து மூன்று வளையல்

வளைகாப்பு நாள் காலையில் எனக்குக் கன்னம் ஒரு பக்கம் மட்டும் பூரித்திருந்தது. போட்டோக்காரர் வலது பக்கத்திலிருந்தே எடுத்தார். இன்றைக்கும் அந்த ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள், ஏன் எல்லாப் படத்திலும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்கிறார்கள்.

முதலில் வேப்பிலைக் காப்பு. பிறகு கண்ணாடி வளையல். வலது கையில் இருபத்தொன்று, இடது கையில் இருபத்திரண்டு, மொத்தம் ஒற்றைப்படை. சங்கு வளை போட்ட, எங்கள் தெருவின் வங்காளிப் பெண்கள் வரிசையாக வந்து, பயந்து பயந்து என் கையில் பச்சையும் சிவப்புமாக ஏற்றினார்கள். இதைப் பிரசவம்வரை கழற்றக்கூடாது, உள்ளே இருக்கும் பிள்ளை சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வளரும் என்று அம்மா தமிழில் விளக்க, நான் ஒரு விரல் அகல வாயால் வங்காளத்தில் மொழிபெயர்த்தேன். எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கிப் பார்த்தார்கள்.

பிறகு பௌதியின் தட்டு வந்தது. லூச்சி என்கிற மைதாப் பூரி, ஐந்து வகைப் பொரியல், கசப்புக் காய்க் கூட்டு, பாயேஷ் என்கிற அரிசிப் பாயசம். எங்களுக்காக மீனே இல்லாமல் ஷாத் சமைத்தவர் அவர். அதற்காகப் பெஹாலாவிலிருந்து அவருடைய நாத்தனார் போனில் அரைமணி நேரம் சண்டை போட்டிருந்தார். அந்தப் பக்கம் அம்மாவின் புளியோதரை, தேங்காய்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல். இருபது பெண்கள் சுற்றி உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கத்திரிக்காய் வறுவலில் ஒரு நகத்தளவு பிய்த்து உள்ளே தள்ளினேன். மெல்ல முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து ஒரு கிழவி குலவையிட்டாள். எல்லோரும் சேர்ந்து குலவையிட்டார்கள். பாயேஷை மட்டும் உறிஞ்சினேன்.

எல்லோரும் போன பின்பு, விளக்கேற்றுகிற நேரத்தில், அம்மா என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். கொதித்தது.

டாக்டர் எதைக் கண்டு பயந்தாரோ அது வந்துவிட்டது. நடராஜன் 'பல்' கோப்பைத் தேடி ஓடினார். அம்மா சாமி அலமாரியிலிருந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி கோமதி, என்னத்துக்குப் பயப்படுத? என்ட்ட சொல்லு."

சொன்னேன். நாற்பத்து மூன்று வளையலும் குலுங்கக் குலுங்க அழுதுகொண்டு, இரண்டு வருடம் முன்பு போட்ட அந்த ஒரு மாத்திரையைச் சொன்னேன். கோப்போடு வாசலில் நின்ற நடராஜனும் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து என் செருப்பை எடுத்துப் போட்டாள்.

டாக்டரம்மாள்

பிரசவ டாக்டர் முதலில் காய்ச்சலைப் பார்த்தார். குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்தார். நன்றாக ஓடுகிறது என்றார். மாத்திரை சாப்பிட்டும் ஏன் காய்ச்சல் என்று புருவத்தைச் சுருக்கினார். அம்மா தன் பையிலிருந்து கிண்ணத்தை எடுத்து அவர் மேசையில் வைத்துத் திறந்தாள்.

அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாதி வங்காளத்திலும் பாதி ஆங்கிலத்திலும் மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். எந்த மாத்திரை என்றார். பெயரைச் சொன்னேன். எத்தனை என்றார். ஒன்று என்றேன்.

"அந்த மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கரு சரியாக உருவாகவில்லை, அதனால் தங்கவில்லை. பலருக்கும் அப்படி நடக்கிறது. நீ மாத்திரை போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் அதுதான் நடந்திருக்கும். இரண்டு வருடமாக ஒரு டாக்டரிடம்கூடவா நீ கேட்கவில்லை?"

"கேட்டு, ஆமாம்னு சொல்லிட்டா?" என்றேன்.

அவர் எழுந்துபோய்த் தானே ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். வெந்தய வாசனை அடித்த அந்தப் பழைய மாத்திரைகளைக் குப்பையில் கொட்டிவிட்டுப் புதிதாக ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கினேன். அவ்வளவு சின்ன பொருளை விழுங்க எனக்கு இரண்டு வருடம் பிடித்திருக்கிறது.

மறுநாள் சாயங்காலத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது.

பல நாள் கழித்து ஏதோ ஸ்கேன் காகிதம் தேடும்போது 'பல்' கோப்பைப் புரட்டினேன். கடைசித் தாளில் நடராஜனின் கையெழுத்து. "முந்தைய சம்பவத்துக்கும் மாத்திரைக்கும் தொடர்பில்லை என்று டாக்டர் நேரில் தெரிவித்தார். நானும் கேட்டேன். கோமதிக்கு மீண்டும் சந்தேகம் எழுமானால் இந்தக் குறிப்பைப் பார்க்கவும்." கீழே தேதியும் சுருக்கொப்பமும். எனக்கு இதுவரை வந்த காதல் கடிதங்களில் அதுவே சிறந்தது. வேறு வந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

காதால் எண்ணியவள்

ஐந்து நாள் முழுசாக மாத்திரை சாப்பிட்டு முடித்து, மறுபடி காளிகாட்டுக்குப் போனோம். மெட்ரோவில் ஏறியதுமே வளையல் சத்தத்துக்குப் பெட்டியே திரும்பிப் பார்த்தது. மூன்று பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். பொதுவாக ஒருவர் எழுந்தாலே அதிகம்.

இளம் பல் மருத்துவர் என் வலது இடுப்புக்கடியில் ஒரு தலையணை வைத்து, சற்று இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தார். மரத்துப்போக ஊசி போட்டார். வலித்தால் கையைத் தூக்குங்கள் என்றார். தூக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நான் விரலை அசைத்தாலே சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவர் ஒவ்வொரு குலுங்கலுக்கும் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். வயிற்றுக்குள்ளிருந்தவளும் ஒவ்வொரு குலுங்கலுக்கும் ஓர் உதை விட்டாள்.

பல் பிடுங்குகிற கடைசி இழுப்பில் நான் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். ஒரு வளையல் உடைந்தது.

கதவு திறந்தது. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் காதால் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள் அம்மா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒன்று குறைந்து இரட்டைப்படை ஆகிவிட்டதென்று டாக்டரிடம் தமிழில் சொன்னாள். இடுப்பிலிருந்து துண்டை அவிழ்த்து, தயாராகக் கொண்டுவந்திருந்த வளையலை, வாயில் பஞ்சோடு கிடந்த என் கையில் ஏற்றிவிட்டு வெளியே போனாள். அந்த டாக்டர் ஒரு கையில் குறடும் குறட்டில் என் பல்லுமாக அப்படியே நின்றார்.

ஹௌராவில்

மகள் பிறந்தாள். காதிலும் ஒன்றும் வடியவில்லை, வாயில் வடிந்தது எல்லாக் குழந்தைக்கும் வடிகிற அளவுதான். பௌதி மட்டும் ஒவ்வொரு தரம் துடைக்கும்போதும், அன்றைக்குக் கத்திரிக்காயை முழுசாகத் தின்றிருக்கலாம் என்பார்.

பிரசவத்துக்குப் பிறகும் மூன்று மாதம் இருந்துவிட்டு அம்மா ஊருக்குக் கிளம்பினாள். ஹௌராவில் வண்டி புறப்பட அரைமணி இருந்தது. நடராஜன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். அம்மா தன் சுருக்குப் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து நான்கு சர்க்கரை உருண்டையை நாக்கில் போட்டுக்கொண்டாள். நான் தொடாமல் வைத்திருந்த தாதாவின் குப்பி. முட்டிவலிக்குச் சாப்பிடுகிறாளாம், நல்ல குணம் தெரிகிறதாம். அது பல்வலி மருந்து என்றேன். அப்படியென்றால் பல்லும் நன்றாக இருக்கட்டும் என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பழைய கேள்வி நினைவு வந்தது. வளைகாப்புக்குப் பத்து நாள் முன்னதாக உனக்கு எப்படி டிக்கெட் கிடைத்தது என்று கேட்டேன்.

அம்மா குழந்தையை என் தோளிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"டிக்கெட் எங்க கெடச்சுது? உக்காந்துக்கிட்டேதான் வந்தேன், ரெண்டு ராத்திரியும். அந்தச் சக்கர மாத்திரக்காரர் பௌதி போன்ல என்னயக் கூப்பிட்டாரு. அவரு இங்கிலீஷ்ல அரைமணி நேரம் பேசுதாரு, எனக்கு என்ன தெரியும்? டாட்டர்ன்னாரு, சேடுன்னாரு, கம்ன்னாரு. மக துக்கமா இருக்கா, வா. அதுக்கு மேல என்னத்தட்டி புரியணும்?"

முன்பதிவில்லாத பெட்டியில், மடியில் நாற்பத்துநான்கு கண்ணாடி வளையலை வைத்துக்கொண்டு, ஒன்றுகூட உடையாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். நடராஜன் தண்ணீர் பாட்டிலோடு வந்து, வண்டி கிளம்பப் போகிறது, அத்தையிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் சொல் என்றார். வாய் இப்போது நன்றாகவே திறக்கிறது. இருந்தும் நான் கையை நீட்டி அம்மாவின் தலைமுடியைக் கோதிவிட்டேன்.